கொக்கியிலிருந்து தொடங்குங்கள்: புது வீட்டுக்கு மின்விசிறி தேர்வு செய்யும் முறை

புது வீடு கட்டுகிறவர்கள் மின்விசிறியைப் பற்றிப் பெரும்பாலும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பெயிண்ட் எல்லாம் காய்ந்த பிறகு கடைக்குப் போய், நிறத்தையும் இறக்கையின் அழகையும் பார்த்து வாங்கி வந்து, அறையின் நடுவில் ஏற்கெனவே தொங்கும் கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து, "ஐந்தில் வைத்தாலும் காற்றே வரவில்லை" என்ற புலம்பல் தொடங்கும். இப்படிப்பட்ட வீடுகளில் ஃபேனில் குறை இருப்பது அபூர்வம். கொக்கி தப்பான இடத்தில் இருக்கும், அல்லது இறக்கை கூரையை ஒட்டிக்கொண்டு சுற்றும், அல்லது அறைக்கும் இறக்கைக்கும் அளவு பொருந்தாது.

அதனால் இந்த வழிகாட்டி கடையிலிருந்து தொடங்கவில்லை. ஆள் எங்கே இருப்பார், கொக்கி எங்கே வர வேண்டும், இறக்கை எந்த உயரத்தில் சுற்ற வேண்டும், எத்தனை மி.மீ. இறக்கை, எந்த மோட்டார் என்று இதே வரிசையில் முடிவெடுங்கள். பிராண்டும் நிறமும் அதற்குப் பிறகுதான். வீடு இன்னும் கட்டுமானத்தில் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கொக்கியை நினைத்த இடத்தில் வைக்கும் வாய்ப்பு அப்போது மட்டும்தான் சுலபமாகக் கிடைக்கும்.

ஃபேன் குளிர்விப்பது உங்களை, அறையை அல்ல

சீலிங் ஃபேன் அறையின் வெப்பநிலையை ஒரு டிகிரிகூடக் குறைக்காது. நம் தோலைச் சுற்றிச் சூடான, ஈரமான காற்று ஒரு போர்வைபோல நிற்கிறது. ஃபேன் காற்று அதைக் கலைத்து, வியர்வையை ஆவியாக்குகிறது. அந்த ஆவியாதலில்தான் உடல் வெப்பம் போகிறது. உட்கார்ந்திருக்கும் இடத்தில் காற்று வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் வீசினால், அறை இரண்டரை முதல் மூன்று டிகிரி குறைந்தது போன்ற உணர்வு கிடைக்கும். ஏசி உள்ள அறையில் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: ஃபேனையும் சேர்த்து மெதுவாக ஓடவிட்டு, ஏசியை இரண்டு டிகிரி உயர்த்தி வைத்தால் சுகம் அதேதான், மின்சாரம் மிச்சம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃபேன் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறையில் தங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 75 வாட் ஃபேனை ஆளில்லா அறையில் ஓடவிடுவது, முக்கால் ஆளை அங்கே உட்காரவைத்து அறையைச் சூடாக்குவதற்குச் சமம். "நாம் வருவதற்குள் அறை குளிரட்டும்" என்று ஃபேனைப் போட்டுவிட்டுப் போவதில் பயன் எதுவும் இல்லை.

காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான 35 டிகிரியைத் தாண்டினால், வீசும் காற்று உடலுக்குள் வெப்பத்தைக் கொண்டுவரத் தொடங்கும். வியர்வை ஆவியாகிற வரை அதைச் சமாளித்துவிடலாம். 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் உடலைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதை நினைவில் வைத்திருங்கள்.

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைகள் தனி ரகம். பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவில் வெப்பத்தை உமிழும். ஃபேன் அந்தக் கூரையடிக் காற்றைத்தான் இழுத்து உங்கள் மேல் தள்ளும். அங்கே பெரிய ஃபேன் வாங்குவதற்கு முன் மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போடுங்கள். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் ஃபேனை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் எந்த மாடலிலும் திருப்தி அடைய மாட்டார்கள்.

ஆள் எங்கே, கொக்கி எங்கே

இறக்கை வட்டத்துக்கு நேர் கீழேதான் காற்றின் வேகம் அதிகம். வட்டத்தை விட்டு ஓரடி, இரண்டடி விலகினாலே வேகம் சடாரென்று குறையும். கீழே வந்த காற்று தரையில் பட்டு, பக்கவாட்டில் பரவி, சுவரோரமாக மேலேறி மறுபடி ஃபேனுக்குப் போய்ச் சேர்கிறது. ஹாலின் நடுவில் ஃபேன், சோபாக்கள் சுவரோரம் என்று அமைத்தால், நல்ல காற்று முழுவதும் யாரும் உட்காராத நடுத்தரைக்குப் போகும்.

வரைபடத்தில் முதலில் கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை, படிக்கும் மேசை ஆகியவற்றை அளவோடு வரையுங்கள். அலமாரியை மறக்கவே கூடாது. பெரும்பாலான படுக்கையறைகளில் தவறு நடப்பது அலமாரியால்தான். ஒரு கணக்கு: அறை 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஒரு பக்கச் சுவர் முழுக்க 60 செ.மீ. ஆழத்தில் அலமாரி வரப்போகிறது. கொத்தனார் சுவரிலிருந்து சுவர் வரை அளந்து 1.8 மீட்டரில் கொக்கி வைப்பார். அலமாரி வந்த பிறகு மிச்சமிருக்கும் இடம் 3 மீட்டர்தான். அதன் நடு, அலமாரிச் சுவரிலிருந்து 2.1 மீட்டரில் இருக்கிறது. 30 செ.மீ. பிசகு. கட்டிலின் தலைமாடு எதிர்ச் சுவரில் இருந்தால் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம், 2.3 மீட்டர் வரை கொக்கியை நகர்த்தலாம். காற்று காலடியில் வீணாகாமல் மார்புக்கு வரும்.

நகர்த்தும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: இறக்கை நுனிக்கும் சுவருக்கும் அல்லது அலமாரி முகத்துக்கும் இடையே குறைந்தது 45 செ.மீ. விட வேண்டும், 60 இருந்தால் நல்லது. அதற்குக் குறைந்தால் மேலேறும் காற்றுக்கு வழியில்லாமல் இரைச்சல் கூடும், ஃபேனும் ஆடத் தொடங்கும். அலமாரியின் மேல் கதவு திறக்கும்போது இறக்கையில் இடிக்குமா, பரண் மீதிருந்து பொருள் எடுக்கும் கை இறக்கைக்கு எட்டுமா என்பதையும் பாருங்கள். பிள்ளைகள் அறையில் இரண்டடுக்குக் கட்டில் வருமானால் சீலிங் ஃபேனை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேல்தட்டில் எழுந்து நிற்கும் குழந்தையின் கை இறக்கையில் படும். அந்த அறைக்குச் சுவர் ஃபேன்தான் சரி.

கூரையில் உத்திரம் குறுக்கே போனால், இறக்கை உத்திரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே சுற்ற வேண்டும். இரண்டு உத்திரங்களுக்கு நடுவிலுள்ள குழிக்குள் ஃபேன் சுற்றினால், அதே காற்றையே குடைந்துகொண்டிருக்கும்.

நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும் அறைக்கு இரண்டு கொக்கி வையுங்கள். ஹாலில் நான் எப்போதும் சொல்வது, நடுவில் ஒரு பெரிய ஃபேனைவிட இருக்கைகளுக்கு மேலே இரண்டு நடுத்தர ஃபேன் மேல். ஆள் இருக்கும் பக்கத்தை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். இரண்டின் மையங்களுக்கு இடையே இறக்கை வட்டத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு தூரம் விடுங்கள். 1200 மி.மீ. ஃபேன் என்றால் ஏறத்தாழ 3 முதல் 3.6 மீட்டர்.

விளக்குகளின் இடமும் இதே கட்டத்தில் முடிவாக வேண்டும். கூரையில் பதித்த விளக்கு இறக்கை வட்டத்துக்கு மேலே வந்துவிட்டால், ஃபேன் ஓடும்போதெல்லாம் அறை முழுவதும் நிழல் வெட்டி வெட்டி ஓடும். படிக்கவே முடியாது. விளக்கை வட்டத்துக்கு நன்றாக வெளியே தள்ளுங்கள், அல்லது இறக்கை மட்டத்துக்குக் கீழே சுவரில் வையுங்கள்.

கொக்கி தாங்க வேண்டியது

ஃபேன் 4 முதல் 6 கிலோதான். ஆனால் வருடக்கணக்கில் சுற்றி, அதிர்ந்து, இழுத்துக்கொண்டே இருக்கும் எடை அது. கான்கிரீட் கூரை என்றால், கம்பி கட்டும்போதே ஃபேன் பாக்ஸை வைத்து, 12 மி.மீ. கம்பியில் செய்த கொக்கியைத் தளத்தின் கம்பியோடு கட்டிவிட வேண்டும். கான்கிரீட் கொட்டும் நாளில் பாக்ஸ் நகராதபடி சென்ட்ரிங் பலகையில் ஆணியடித்து, உள்ளே காகிதமோ தெர்மோகோலோ திணித்து மூடிவையுங்கள். இல்லாவிட்டால் சிமெண்ட் பால் இறங்கி பாக்ஸும் பைப்பும் அடைத்துக்கொள்ளும். பிறகு உளியால் குடைய வேண்டிவரும்.

தளம் போட்டாகிவிட்டது, கொக்கி இல்லை என்றால் ஆங்கர் ஃபாஸ்டனர், அதாவது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட், என்ற வழி இருக்கிறது. ஒன்றல்ல, குறைந்தது இரண்டு ஃபாஸ்டனர் பிடிக்கும் இரும்புத் தகடோடு இணைந்த கொக்கியாக இருக்கட்டும். துளை போடுமுன் மின்பைப் போகும் வழி எது என்று பாருங்கள். மரக்கூரை என்றால் பலகையில் அல்ல, அதைத் தாங்கும் சட்டத்திலோ, இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே பொருத்திய உறுதியான கட்டையிலோதான் ஃபேன் தொங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் போர்டிலோ அதன் மெல்லிய தகட்டுச் சட்டத்திலோ ஒருபோதும் மாட்டக் கூடாது. ஃபேனைத் தொங்கவிடும் ராடு, அந்த போர்டைத் துளைத்து மேலே போய் உண்மையான கூரையில் தொங்கட்டும்.

எந்தக் கொக்கியாக இருந்தாலும் ஃபேன் வருவதற்கு முன் 25, 30 கிலோ மணல் பை ஒன்றை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு இழையளவு இறங்கினாலும் அந்தக் கொக்கி வேண்டாம்.

உயரமும் ராடும்

இதில் பிடிக்க வேண்டியவை இரண்டு அளவுகள். தரையிலிருந்து இறக்கைக்கு எப்படியும் 2.1 மீட்டருக்குக் குறையக் கூடாது. அது பாதுகாப்பு எல்லை. காற்று நன்றாக இறங்குவது 2.4 முதல் 2.7 மீட்டருக்குள் இறக்கை இருக்கும்போது. கூரைக்கும் இறக்கைக்கும் இடையே 30 செ.மீ. வேண்டும், 20 கடைசி எல்லை. ஃபேன் காற்றை மேலிருந்து இழுத்துக் கீழே தள்ளுகிறது. மேலே இடமில்லாவிட்டால் மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தள்ளுவதற்குக் காற்றிருக்காது. அழகுக்காகக் கூரையோடு ஒட்டிப் பொருத்தும் குட்டை ஃபேன்கள் தாழ்ந்த கூரைக்கு மட்டுமே. உயரம் இருக்கும் அறையில் அவற்றை வாங்கினால் கிடைக்க வேண்டிய காற்றை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

ராடு நீளத்துக்குச் சுலபமான கணக்கு: கூரை உயரத்திலிருந்து நீங்கள் விரும்பும் இறக்கை உயரத்தைக் கழியுங்கள், கொக்கிக்கும் மோட்டார் உடலுக்குமாக இன்னும் 15 செ.மீ. கழியுங்கள். கூரை 3 மீட்டர், இறக்கை 2.55 மீட்டர் என்றால் 30 செ.மீ. ராடு. பெட்டியோடு வரும் ராடு பெரும்பாலும் இதையொட்டித்தான் இருக்கும். கூரை 3.6 மீட்டர், இறக்கை 2.6 மீட்டர் என்றால் 85 செ.மீ. ராடு வேண்டும். இங்கேதான் பலர் பெட்டியில் வந்ததையே மாட்டிவிட்டு, ஃபேன் உச்சியில் சுற்ற, கீழே வேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூரை 2.7 மீட்டர்தான் என்றால் 15 செ.மீ. ராடில் இறக்கை 2.4 மீட்டரில் நிற்கும். அந்தக் குட்டை ராடை ஃபேன் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். ராடை நீங்களே அறுத்துத் துளை போடாதீர்கள், வெல்டிங் வைத்து நீட்டவும் கூடாது. ஒட்டு விட்டால் மொத்த ஃபேனும் கீழே வரும். அதே கம்பெனி தரும் ராடுதான் திருகு மரையும் பின் துளையும் பொருந்தி நிற்கும்.

ஃபால்ஸ் சீலிங் உள்ள அறையில் கூரை உயரம் என்பது ஃபால்ஸ் சீலிங்கின் அடிமட்டம்தான். மேலே மறைந்திருக்கும் இடைவெளியை ராடு நீளத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை மி.மீ.?

இறக்கை வட்டத்தின் விட்டத்தைத்தான் கடையில் ஸ்வீப் என்கிறார்கள். 7 சதுர மீட்டர், அதாவது 75 சதுர அடி வரையிலான சின்ன அறைக்கு 900 மி.மீ. போதும். 10 சதுர மீட்டர் வரை 1050. 10 முதல் 14 சதுர மீட்டர் வரையிலான வழக்கமான படுக்கையறைக்கு 1200. அதற்கு மேல், சதுரமான பெரிய அறைக்கு 1400, நீளமான அறைக்கு இரண்டு 1200.

பெரியதே நல்லது என்று சின்ன அறையில் 1400 மாட்டினால் நுனி சுவரை நெருங்கி, மேலே சொன்ன இடைவெளி போய்விடும். இடைவெளி அனுமதிக்கிற வரை பெரிய இறக்கையை எடுத்து மெதுவாக ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். காரணம் இது: ஒரே ஃபேனில் சுற்று கால் பங்கு குறைந்தால் காற்றும் கால் பங்குதான் குறையும், ஆனால் இறக்கைக்குத் தேவைப்படும் சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். இரைச்சலும் சேர்ந்தே அடங்கும். இதே விதியின் இன்னொரு முகம், 1200-ஐ 1400 ஆக்கி அதே சுற்றில் ஓட்டினால் காற்று ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும், மோட்டாரின் சுமையோ இரண்டு மடங்கைத் தாண்டும். அதனால்தான் 1400 ஃபேன்களின் சுற்று குறைவாக வைக்கப்படுகிறது. சுற்று குறைவு என்று அதை மட்டமாக எண்ணிவிடாதீர்கள்.

பெட்டியில் பார்க்க வேண்டிய எண்கள்

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவது ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை. உங்களுக்கு வேண்டியது காற்றின் அளவு: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர். பெட்டியில் சிஎம்எம் என்று இருக்கும். சில கம்பெனிகள் கன அடியில் சிஎஃப்எம் என்று போடும், அதை 35.3-ஆல் வகுத்தால் சிஎம்எம். 1200 மி.மீ. ஃபேனுக்கு 210-க்குக் குறையாமல் பாருங்கள்; 230 நல்ல ஃபேன். 39 கன மீட்டர் கொள்ளும் ஒரு அறையில் 220 சிஎம்எம் என்றால், அறைக்காற்று முழுவதையும் நிமிடத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் புரட்டுகிறது.

அடுத்தது வாட். சிஎம்எம்மை வாட்டால் வகுத்தால் வருவது சர்வீஸ் வேல்யூ. 75 வாட்டில் 225 தருவது 3. 30 வாட்டில் 225 தருவது 7.5. இந்த ஒரு எண்ணை வைத்தே ஒரே அளவுள்ள எந்த இரண்டு ஃபேன்களையும் ஒப்பிடலாம். ஆனால் சிஎம்எம்மையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றைக் குறைத்து வாட்டைக் குறைத்துக் காட்டும் ஃபேனுக்கும் சர்வீஸ் வேல்யூ அழகாகத்தான் இருக்கும்.

அதிக ஆர்பிஎம் மட்டும் ஏன் ஏமாற்றும் என்றால், காற்றைத் தள்ளுவது இறக்கையின் சாய்வு. சாய்வு குறைந்த, தட்டையான இறக்கை வேகமாகச் சுற்றும், காற்று வராது. அலங்கார ஃபேன்கள் பலவற்றுக்கு இந்தக் குறை உண்டு. இறக்கைகள் மூன்றா, நான்கா, ஐந்தா என்பதும் அப்படித்தான். எண்ணிக்கை கூடினால் காற்று கூடும் என்று எந்த விதியும் இல்லை. நல்ல சாய்வுள்ள மூன்று இறக்கை பெரும்பாலான அறைகளுக்குப் போதுமானது.

இண்டக்‌ஷனா, பிஎல்டிசியா?

பழைய வகை இண்டக்‌ஷன் மோட்டாரில் இரண்டு காயில், ஒரு கண்டென்சர். அவ்வளவுதான். 70 முதல் 80 வாட் இழுக்கும். எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். காயில் செம்பா அலுமினியமா என்று கேட்டு, செம்பையே வாங்குங்கள். மின்னழுத்தம் குறைந்தால் இதன் வேகம் படுத்துவிடும்.

பிஎல்டிசி என்பது நிலைக்காந்தம் பதித்த, பிரஷ் இல்லாத மோட்டார். உள்ளே ஒரு மின்னணுப் பலகை, காயிலுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. 28 முதல் 35 வாட்டில் அதே காற்று. மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் வேகம் மாறாது. தினம் 12 மணி நேரம் ஓடும் ஃபேனில் 45 வாட் மிச்சம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 197 யூனிட். நான்கு ஃபேன் உள்ள வீட்டில் 788. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் பலன் இன்னும் பெரிது: நான்கு ஃபேன்களுக்கு 300 வாட் இழுத்த இடத்தில் 120 வாட் போதும், பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். மலிவான இன்வெர்ட்டரில் இண்டக்‌ஷன் ஃபேன் எழுப்பும் "ம்ம்ம்" சத்தமும் இதில் வராது.

இதன் பலவீனம் அந்தப் பலகைதான். மின்சாரம் போய்த் திரும்பும்போது வரும் திடீர் ஏற்றத்தில் அது கருகலாம். அதனால் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். பலகைக்கு வாரண்டி எத்தனை ஆண்டு, மோட்டாருக்கு எத்தனை? பலகை தனியாகக் கிடைக்குமா? ரிமோட் தொலைந்தால் சுவர் ஸ்விட்சால் வேகத்தை மாற்ற முடியுமா? மூன்றாவதற்கு "முடியாது" என்றால் பெரியவர்கள் தூங்கும் அறைக்கு அந்த மாடலை வாங்க வேண்டாம். மின்சாரம் வந்ததும் பழைய வேகத்திலேயே தொடர்கிறதா என்றும் பாருங்கள். நள்ளிரவில் ரிமோட்டைத் தேட வைக்கும் ஃபேன் பெரிய தொல்லை. வீட்டின் மெயின் போர்டில் சர்ஜ் ப்ரொட்டெக்டர் ஒன்று வைத்துவிட்டால் எல்லாப் பலகைகளுக்கும் பாதுகாப்பு.

மணிக்கணக்கில் ஓடும் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் பிஎல்டிசி. எப்போதாவது ஓடும் விருந்தினர் அறைக்கும் பொருள் வைக்கும் அறைக்கும் இண்டக்‌ஷனே போதும்; அங்கே மிச்சமாகும் யூனிட் மிகக் குறைவு.

ரெகுலேட்டர்

பிஎல்டிசி ஃபேனை ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது. நேரடி ஸ்விட்ச் மட்டும். புது வயரிங்கில் எந்த அறைக்கு எந்த மோட்டார் என்று எலக்ட்ரீஷியனிடம் முன்பே சொன்னால் ரெகுலேட்டர் வாங்கும் வீண் செலவு மிச்சம். இண்டக்‌ஷன் ஃபேனுக்குப் படிப்படியாக நிற்கும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் வாங்குங்கள். குமிழைத் தொடர்ச்சியாகத் திருகும் வகை குறைந்த வேகத்தில் உறுமும். பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் மிச்சமாக்க வேண்டிய மின்சாரத்தைத் தானே வெப்பமாக எரித்துவிடும். ஃபேனுக்கு எர்த் வயர் கட்டாயம் இழுங்கள். ஸ்விட்ச் துண்டிக்க வேண்டியது ஃபேஸை. நியூட்ரலைத் துண்டித்தால் ஃபேன் நின்றிருந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். இரண்டு இடங்களிலிருந்து இயக்க உதவும் டூவே ஸ்விட்ச் ஒன்றைக் கட்டிலருகே வைப்பது சின்ன வேலை, தினமும் பயன்படும்.

இறக்கையைப் பொறுத்தவரை அலுமினியம் எங்கும் பொருந்தும். கடற்காற்றில் இரும்பு இறக்கை துருப்பிடிக்கும். மரத்தூள் அட்டையில் செய்த இறக்கை ஈரத்தை உறிஞ்சி நுனி தொங்கும்; பால்கனிக்கு அது ஆகவே ஆகாது. அங்கே ஈரம் தாங்கும் என்று குறிப்பிட்ட மாடல்தான்.

மாட்டும் நாளில்

1. மெயினில் அந்தச் சர்க்யூட்டின் எம்சிபியை, அதாவது பாதுகாப்பு ஸ்விட்சை, இறக்குங்கள். டெஸ்டர் வைத்து உறுதிசெய்யுங்கள். சுவர் ஸ்விட்ச் மட்டும் போதாது.

2. பெட்டியில் உள்ள மூன்று இறக்கைகளும் ஒரே செட் எண்ணா என்று பாருங்கள். இறக்கைகள் எடை பார்த்துச் சேர்க்கப்பட்டவை. பல ஃபேன்களை ஒரே நேரத்தில் பிரித்து இறக்கைகளைக் கலந்துவிடுவதுதான் புது ஃபேன் ஆடுவதற்கு முதல் காரணம். ஒரு பெட்டியை மாட்டி முடித்த பிறகே அடுத்ததைப் பிரியுங்கள்.

3. வயரை ராடுக்குள் விட்டு, ராடை மோட்டாரில் முழுமையாக இறுக்கி, போல்ட் போட்டு நட்டை முறுக்கி, காட்டர் பின்னைச் செருகி இரு கால்களையும் விரித்து மடக்குங்கள். பின்னை மடக்காமல் விட்டால் அதிர்வில் நழுவும். ராடில் வரும் திருகாணி இருந்தால் அதையும் விடாதீர்கள்.

4. ராடின் இரு முனைகளையும் மறைக்கும் மேல் கப், கீழ் கப் இரண்டையும் ராடில் இப்போதே கோர்த்துவிடுங்கள். மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

5. கொக்கியில் ரப்பர் புஷ் சரியாக உட்கார்ந்த பிறகு மேல் போல்ட்டையும் பின்னையும் போடுங்கள். பாதுகாப்புக் கம்பி வந்திருந்தால் அதைக் கொக்கியோடு சேராத தனிப் பிடியில் மாட்டுங்கள்.

6. வயர்களை இணைத்து, கப்பைக் கூரையிலிருந்து ஒரு நூல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கூரையில் உரசினால் கடகடவென்ற சத்தம் வரும்.

7. கடைசியாக இறக்கைகள். வளைந்த விளிம்பு எந்தப் பக்கம் என்று படத்தைப் பாருங்கள். தலைகீழாக மாட்டிய இறக்கையும் சுற்றும், காற்றுதான் வராது. எல்லாத் திருகுகளையும் பாதி முறுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

முதலில் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம், பிறகு முழு வேகத்தில் அரை மணி நேரம். அதற்கப்புறம் கீழே ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, காற்று கீழ்நோக்கித்தான் வருகிறதா என்று பாருங்கள். மேல்நோக்கி இழுத்தால் சுழலும் திசை மாறியிருக்கிறது. ரிவர்ஸ் ஸ்விட்ச் உள்ள மாடலில் அதை மாற்றுங்கள், இல்லாததில் காயில் வயர் இணைப்பை எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

ஆடினால், சத்தம் வந்தால், மெதுவாகச் சுற்றினால்

லேசான அசைவு ஆபத்தல்ல. ராடோடு சேர்ந்து மொத்தமும் ஆடினால் கவனியுங்கள். கூரையிலிருந்து ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் அடிக்கோலால் அளந்து பாருங்கள். அளவு 3 மி.மீட்டருக்கு மேல் மாறினால் இறக்கையைத் தாங்கும் தகடு வளைந்திருக்கிறது. மெதுவாக நிமிர்த்தலாம், அதிகம் வளைந்தால் மாற்ற வேண்டும். உயரங்கள் சரியாக இருந்தும் ஆடினால் எடைப் பிசகு. ஒரு சிறு நாணயத்தை இறக்கையின் மேல்பக்க நடுவில் டேப்பால் ஒட்டி, ஒவ்வொரு இறக்கையாக மாற்றிப் பாருங்கள். ஆட்டம் குறையும் இறக்கையில், நுனிக்கும் நடுவுக்குமாக இடம் மாற்றிச் சரியான புள்ளியைப் பிடித்து, அங்கே எடைப்பட்டையை நிரந்தரமாக ஒட்டுங்கள்.

"டக் டக்" என்று சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் தளர்ந்த திருகு. வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் உறுமல் வந்தால் ரெகுலேட்டர். கரகரவென்று எப்போதும் இழுத்தால் பேரிங்.

இண்டக்‌ஷன் ஃபேன் மெதுவாகச் சுற்றி, கையால் தள்ளினால்தான் ஓடுகிறது என்றால் கண்டென்சர் போய்விட்டது. பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். பழையதில் என்ன எண் உள்ளதோ அதையே போடுங்கள். பெரியதைப் போட்டால் வேகம் கொஞ்சம் கூடும், காயில் சூடேறிச் சீக்கிரம் கருகும். பிஎல்டிசி ஃபேன் விட்டுவிட்டு ஓடினால் வழியில் எங்கோ ரெகுலேட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாட்டிய ஒரு மாதத்தில் எல்லா இறக்கைத் திருகுகளையும் ஒரு தடவை இறுக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பழைய தலையணை உறையை இறக்கைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே வந்துவிடும். தூசி அதிகம் படிவது காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில்தான். அங்கே படிந்த அடை இறக்கையின் வடிவத்தையே மாற்றிக் காற்றைக் குறைக்கிறது. துடைக்கும்போது இறக்கையை ஒரு கையால் அடியில் தாங்கிக்கொள்ளுங்கள், கீழே அழுத்தித் தேய்க்காதீர்கள். அழுத்தினால் தகடு வளையும், மறுநாளே ஃபேன் ஆடும்.